தாலிக் கயிற்றில் வண்டிச் சாவி

பிள்ளைகளைப் பறக்க விடுங்கள் என்று காலை வணக்கத்தோடு பறவைப் படம் அனுப்பும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பறவைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றையும் அழிக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கும் கட்டை விரலை உயர்த்தப் போவதில்லை.

என் மகள் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மாலை போட்டு அவள் எடுத்த படத்துக்கு நீங்கள்தானே இதயம் இதயமாகப் போட்டீர்கள். வட்ட மூக்கு, தவளைக் கண் விளக்குகள், பின்னால் திறந்த தொட்டி. அவளைவிட மட்டுமல்ல, என்னைவிடவும் அந்த வண்டிக்கு வயது அதிகம். அதில் அடுப்பு வைத்துக் கடற்கரையில் காபியும் பழம்பொரியும் விற்கப் போகிறாள். விற்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

நான் நிற்பது வேறு இடத்தில். போன வாரம் வைப்பினுக்குப் போக, வாகனங்களை அக்கரை சேர்க்கும் ஜங்கார் படகில் வண்டியை ஏற்றினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பாய்லர், சிலிண்டர்கள், நிறைந்த தண்ணீர் டிரம். முன் சக்கரம் இரும்புப் பலகையில் ஏறியதும் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. யாரும் கை வைக்கவில்லை. கீழே பச்சைத் தண்ணீரில் பாசியும், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பும் ஆடிக்கொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் டிக்கெட் கொடுப்பவர் ஓடிவந்தார். என் மகள் சிரித்தாள்.

"லாக் பழசு அம்மா. மாத்தினா சரியாகும்."

இந்த வாக்கியத்தை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். வேறு வாயில், வேறு கதவுக்கு. அதனால்தான் வீடு வந்ததும் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள், சிரிக்கும் பொம்மை வேறு. ஆமாம். நான் பயந்தாங்கொள்ளியின் மகள். அந்தப் பயந்தாங்கொள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

*

எங்கள் வண்டிக்கு மூக்கன் என்று பெயர். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தது. அப்போதே அது கிழம். கப்பல் சாமான் ஏற்றிய வண்டி என்பார்கள். அப்பா அதில் தோப்பும்படி துறையிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிப் பாலம் தாண்டி எர்ணாகுளம் சந்தைக்குப் போவார். பெரியப்பா முனிசிபாலிட்டியில் மேஸ்திரி. வண்டியில் பாதி அவருடையது, பேச்சில் முழுவதும் அவருடையது.

நாங்கள் மட்டாஞ்சேரியில் லைன் வீட்டில் இருந்தோம். உங்களில் பாதிப் பேர் அதே மாதிரி லைனில் வளர்ந்தவர்கள்தான், இப்போது ஃபிளாட்டில் இருந்தாலும். சுக்கு மூட்டை வாசனை சுவரில் ஊறியிருக்கும். மழைக் காலத்தில் சதுப்பு நிலம் இறங்கி, வாசற்கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும். ஆசாரி வந்து கதவைச் சீவுவார். அடுத்த மழைக்கு மறுபடி பிடிக்கும்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காற்று வரும், பிறகு துருத் தண்ணீர் வரும், பிறகு சண்டை வரும், கடைசியில் நல்ல தண்ணீர் வரும். அம்மா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் வேலை பார்த்தாள். விடியுமுன் போய் மதியம் வந்து, குடங்களை வரிசையில் வைத்துக் காவல் நிற்பாள். அந்தத் தண்ணீருக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"நல்ல தண்ணி மனுசனுக்கு. வண்டிக்குக் காயல் இருக்கு."

அப்பா அதை மீறியதே இல்லை. சந்தையிலிருந்து திரும்பியதும் படகு ஜெட்டியோரம் வண்டியை நிறுத்தி, கயிறு கட்டிய வாளியைக் கடற்கழியில், எங்கள் காயலில், வீசி இழுப்பார். தொட்டி, சக்கரம், அடிப்பாகம் என்று ஓர் இடம் விடமாட்டார். படுத்துக்கொண்டு அடியில் தண்ணீரை வீசி அடிப்பார். மீன் செதில் அவர் முடியில் மினுங்கும். கடைக்காரர்கள் சொல்வார்கள், "வண்டியை இப்படிக் கழுவுறவனுக்கு வண்டி எப்பவும் துரோகம் செய்யாது." எனக்குப் பெருமையாக இருக்கும். அப்பாவுக்கும்தான். வாளியைக் கவிழ்த்து வைக்கும் தோரணையில் அது தெரியும்.

*

அந்த ஆண்டு பள்ளி திறக்கும் முன் சீருடைத் துணி வாங்க நானும் அம்மாவும் மூக்கனில் எர்ணாகுளம் போனோம். பின்னால் ஐஸ் பெட்டிகள் நிறைய. கதவோரம் நான், நடுவில் அம்மா. பழைய பாலத்தின் மேட்டில் ஏறும்போது என் பக்கத்துக் கதவு திறந்தது. நான் கதவில் சாய்ந்திருந்தேன். கதவு போன திசையில் நானும் போனேன்.

விழவில்லை. என் இரட்டைப் பின்னலில் ஒன்று அம்மாவின் கையில் இருந்தது. அவள் என்னை மயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டாள். தார் ரோடு எனக்குக் கீழே கறுப்புத் துணி மாதிரி ஓடியதும், மண்டையோடு பிய்ந்துவிடும்போல வலித்ததும் நினைவிருக்கிறது. அம்மா கத்தவில்லை. அன்று முழுவதும் அந்தப் பின்னலை விடவுமில்லை. துணிக்கடையில் நீல நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கையில் துணி, ஒரு கையில் பின்னல்.

அப்பா வண்டியைத் தோப்பும்படியில் வெல்டிங் கடைச் சேட்டனிடம் காட்டினார். அவர் வாய் ஓயாதவர். பாடிக்கொண்டே வேலை செய்வார், பாட்டு நின்றால் பேச்சு.

"கதவுக்கு வயசாயி. வாய் அடையாது. எங்க அம்மாயியம்மைக்கும் இதே அசுகம்தான்."

மாமியாரைச் சொல்லி அவரே சிரித்தார். புது லாக் போட்டார். வெறும் வண்டியில் கதவு சின்ன மணி அடித்த மாதிரி அழகாக மூடியது. ஐஸ் ஏற்றிப் பாலத்துக்குப் போனதும் திறந்தது. இன்னொரு லாக் போட்டார். அதுவும் திறந்தது. கடைசியில் அப்பா கதவைத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். நாங்கள் அப்பா பக்கத்துக் கதவு வழியாக ஏறி நகர்ந்து உட்காரப் பழகினோம். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மா மட்டும் நினைக்கவில்லை. அவள் மெக்கானிக் அல்ல. வண்டியின் எந்த உறுப்புக்கும் அவளுக்குப் பெயர் தெரியாது. ஆனால் பயந்தவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். காலி வண்டி நிற்கும்போது கதவின் மேல் இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், விரல் போகவில்லை. ஐஸ் ஏற்றியதும் போய்ப் பார்த்தாள், கட்டை விரல் போயிற்று.

"நம்ம வீட்டுக் கதவு மாதிரிதான்," என்றாள் அப்பாவிடம். "வீடு எறங்குது, ஆசாரி கதவச் சீவுறான். இது கதவுல இல்லை. அடியில என்னமோ எறங்குது."

"அடியில இரும்புடி. சேஸு. யானை ஏறி நின்னாலும் எறங்காது," என்றார் அப்பா.

சேஸ் என்பது வண்டியின் அடியில் தலை முதல் வால் வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கேபின், தொட்டி எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மூக்கனின் சேஸுக்கு அப்பா ஆண்டுதோறும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார், மேலே பழைய எஞ்சின் ஆயில். குனிந்து பார்த்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்த எருமை மாதிரி பளபளக்கும்.

*

ஆடி வந்தது, இங்கே கர்க்கடகம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதம். அந்த மாதத்தில்தான் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு காட்டுக் கோயிலில். வழியில் குதிரான் மலை ஏறி இறங்க வேண்டும். எங்கள் லைனிலும் பள்ளுருத்தியிலும் இருந்த பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து போவது என்று பெரியப்பா முடிவு செய்தார். மூக்கன் தொட்டியில் பாய் விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, பெண்கள், குழந்தைகள், பொங்கல் பானை, ஒரு கிடா.

அம்மா அவரோடு நேரில் பேசமாட்டாள். உங்களுக்கு நினைவிருக்கும், புருஷனின் அண்ணனுக்கு முன்னால் பெண்கள் வாய் திறக்காத காலம். குழந்தைகள்தான் தபால்காரர்கள். அன்று பெரியப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால். நடுவில் நான்.

"பெரியப்பாகிட்ட சொல்லு, வண்டிய அடியில பாக்காம பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, கதவைத்தான் கயிறு போட்டுக் கட்டியாச்சேன்னு."

"கதவக் கட்டலாம். வண்டியக் கட்ட முடியுமான்னு கேளு."

"வண்டிய பத்தி உங்கம்மாவுக்கு என்ன தெரியும்னு கேளு."

"ஒண்ணும் தெரியாது, அதான் பாக்கச் சொல்றேன்னு சொல்லு."

ஒருவர் குரல் மற்றவருக்கு நன்றாகவே கேட்டது. நான் கழுத்தைத் திருப்புவதோடு சரி. ஆனாலும் இருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் கோபப்பட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா சாவியைத் தேடினார். ஆணியில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. அம்மா துடைப்பத்தோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க?"

அம்மா மாராப்பை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினாள். மஞ்சள் கயிற்றில், ஊக்கு மாட்டும் இடத்தில், வண்டிச் சாவி.

அப்பா தெருவைப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார். "அது தாலி கிடக்கிற எடம்டி."

"அதான் அங்க வச்சேன். கேக்கணும்னா எல்லார் முன்னாலயும் கேளுங்க."

எப்படிக் கேட்பார்? எந்த ஆண் கேட்பான்? அவள் தெருவெல்லாம் கூட்டினாள், ஒவ்வொரு இழுப்புக்கும் சாவி தாலியில் உரசிக் கிண்ணென்றது.

*

வண்டி நின்றுவிட்டது. ஐஸ் லோடு வேறு ஒருவருக்குப் போனது. சாயாக் கடையில் அப்பாவைப் பார்த்து, "எந்தா, ஓனர் கூட்டப் போயிருக்கா?" என்று கேட்டார்கள். குழாயடியில் அம்மா வந்தால், "சாவி போட்டவ வரா, வழி விடுங்கடி," என்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தபடியே குடத்தை முன்னால் தள்ளி வைப்பாள். வழி விட்டால் விட்டதுதானே. வீட்டில் அவள் சம்பளத்தில் கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் அரைவயிறுமாக ஓடியது. எனக்குக் கோபம் அம்மாவின் மேல்தான். தொட்டியில் பாய் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு போகும் பயணத்தை நான் கனவில் பலமுறை போய் வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது. ஓலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அப்பா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்கிறவ குடும்பம் வெளங்குமான்னு உங்கம்மாகிட்ட கேளு," என்றார் பெரியப்பா என்னிடம்.

நான் திரும்பினேன். அம்மா கதவுக்குப் பின்னால் இல்லை. என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டு வெளியே வந்தாள். முற்றத்தின் நடுவில் நின்றாள். பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமா, நீங்க மூத்தவங்க. கால்ல விழச் சொன்னா விழறேன். சாவி தரமாட்டேன்."

அவள் குரல் நடுங்கியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் பேசினாள்.

"போகலன்னா சாமிக்குக் கோவம் வரும். அடுத்த வருசம் ரெண்டு கிடாயா வெட்டிச் சமாதானம் சொல்லிக்கலாம். குதிரான் எறக்கத்துல பிள்ளைங்களோட வண்டி முறிஞ்சா யாருகிட்டப் போய்ச் சமாதானம் சொல்றது?"

"பயந்தாங்கொள்ளி! இத்தனை பேரு ஆம்பளைங்க இருக்கோம், ஒருத்தனுக்கும் வராத பயம் உனக்கு!"

"ஆமா மாமா. பயம்தான். இத்தனை பேருல ஒருத்தராவது பயப்பட வேணாமா?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல, "பாத்துட்டாத்தான் என்ன," என்றார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பங்காளிகள் பின்னால் போனார்கள். பங்காளி வீட்டு அக்கா ஒருத்தி மட்டும், இடுப்பில் பிள்ளையோடு, போகும்போது அம்மாவின் கையை ஒரு கணம் பிடித்துவிட்டுப் போனாள்.

*

வண்டியைத் தோப்பும்படிக்கு ஓட்ட அம்மா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வெல்டிங் சேட்டனுக்கு இது பிடிக்கவில்லை. "சேச்சி, ஞான் இதுக்கு அடியில எத்தனை தடவை படுத்திருக்கேன்! ஒரு கொழப்பமும் இல்லா."

"படுத்தீங்க. பாத்தீங்களா?"

"நோக்கி, நோக்கி," என்றார் சலிப்போடு. ஆனாலும் ஆரம்பித்தார். வண்டியைக் கட்டைகளின் மேல் மட்டமாக ஏற்றினார். சேஸின் இரு பக்கமும் நேருக்கு நேராக இருக்கும் துளைகளிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நுனியில் கனமான நட்டைக் கட்டினார். நட்டு ஆடி நின்ற இடத்தில் தரையில் சாக்குக்கட்டிப் புள்ளி வைத்தார். பிறகு வண்டியைத் தள்ளிவிட்டோம். சிமெண்டுத் தரையில் வண்டியின் நிழலைப் போலப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின.

"இனி குறுக்குக்குக் குறுக்கு நூல் பிடிக்கணும். முன்னால இடப்பக்கத்துப் புள்ளிக்கும் பின்னால வலப்பக்கத்துப் புள்ளிக்கும் எத்தனை நீளமோ, மறுபக்கக் குறுக்கும் அத்தனை இருக்கணும். இருந்தா வண்டி நேர். பாருங்க சேச்சி, ஒண்ணுபோல இருக்கும்."

நூலின் ஒரு முனையை அப்பா பிடித்தார், மறுமுனையைச் சேட்டன். ஒரு குறுக்கை அளந்து நூலில் முடிச்சுப் போட்டார்கள். அடுத்த குறுக்குக்குப் போனார்கள். முடிச்சு புள்ளியைத் தாண்டி என் நான்கு விரல் அகலத்துக்கு வெளியே கிடந்தது.

சேட்டனின் பாட்டு நின்றது. "நூல் நனஞ்சு போயி," என்றார். வேறு நூல் எடுத்தார். அதே நான்கு விரல்.

பிறகு பேசாமல் சுரண்டியை எடுத்துக்கொண்டு அடியில் போனார். ஆயிலும் பெயிண்டும் தோல் தோலாக உரிந்து விழுந்தன. சுத்தியலால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று கோயில் மணிபோல இரும்பு பேசிக்கொண்டு வந்தது. கேபின் முடிந்து தொட்டி தொடங்கும் இடத்தில், சரியாக அந்தக் கதவுக்குப் பின்னால், தொப் என்றது. இன்னொரு முறை தட்டினார். சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது.

இழுத்தபோது துளையிலிருந்து சிவப்பாக, ஈரமாக, அடுக்கடுக்காகத் துரு கொட்டியது. அந்த இடத்தில் யாரோ எப்போதோ பலத்துக்கு உள்ளே ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சேறு கட்டியாக நின்றது. சேற்றில் மீன் செதில்கள் அப்போதும் மினுங்கின.

அம்மா குனிந்து அந்தச் சேற்றில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பவில்லை.

"உப்பு," என்றாள்.

"கடல் தின்னிருக்கு சேச்சி. உள்ளேயிருந்து தின்னிருக்கு."

"நான் தினமும் கழுவினேனே," என்றார் அப்பா. கையிலிருந்ததைப் பறிகொடுத்த குழந்தையின் முகம்போல இருந்தது அவர் முகம். "ஒரு நாள் விடாமக் கழுவினேனே."

"எவிட கழுகி? எந்தத் தண்ணியில?"

"ஜெட்டியில."

சேட்டன் சேறு படிந்த விரலால் காயலின் பக்கம் காட்டினார், கடல் ஏறி இறங்கும் உப்புத் தண்ணீர். வெளியே மழை மறுபடி தொடங்கியது. அம்மாதான் பேசினாள்.

"நல்ல தண்ணி தரமாட்டேன்னு சட்டம் போட்டது நான்தான்." அதே மூச்சில் சொன்னாள்: "சரி. யாரு தின்ன வச்சதுன்னு பொறவு பேசிக்கலாம். இப்ப வெட்டுங்க."

*

தொட்டியைக் கழற்றி, கேபினைத் தூக்கி மரச் சட்டத்தில் நிறுத்தினார்கள். மூக்கன் வெறும் எலும்பாக நின்றது. முதலில் கோணலை எடுத்தார்கள். ஒரு மூலையைத் தென்னை மரத்தோடு சங்கிலியால் கட்டி, எதிர் மூலையில் ஜாக்கி வைத்து, ஒவ்வொரு திருகாகக் கொடுத்து நிறுத்தி, நூல் பிடித்துப் பார்த்து, மறுபடி கொடுத்தார்கள். இரும்பு முனகியது. பிறகு அழுகிய துண்டை வெட்டி எடுத்து, உள்ளே புதுச் சட்டம் செருகி, வெளியே தகடு போர்த்தினார்கள். விரிசல் ஓடிய இடத்தில் அதன் நுனியில் ஒரு சிறு துளை போட்டார் சேட்டன். இல்லாவிட்டால் விரிசல் வெல்டிங்குக்கு அப்பாலும் நடந்துகொண்டே போகுமாம். பற்றவைப்பதும் ஒரே மூச்சில் இல்லை. இங்கே ஒரு விரல் நீளம், அங்கே ஒரு விரல் நீளம், ஆற விட்டு, மறுபடி. சூடு ஒரு பக்கமாகச் சேர்ந்தால் நேராக்கிய சட்டம் திரும்பவும் வளைந்துவிடும். கார்பைடு வாடையும் நீல வெளிச்சமும் மழையும் சேர்ந்த அந்தக் கொட்டகை இன்று இல்லை. அங்கே செல்போன் கடை.

பெரியப்பாவும் பங்காளிகளும் ரயிலில் கோயிலுக்குப் போய் வந்தார்கள். லைனில் எல்லா வீட்டுக்கும் விபூதி கொடுத்தார்கள், எங்கள் வீட்டைத் தவிர. கிடாக் கறியின் வாசனை வந்தது, கறி வரவில்லை.

அம்மா வெட்டி எடுத்த துண்டைக் கொண்டுவந்து வாசலில், வருகிறவர் காலில் இடறும்படி வைத்தாள். பெரியப்பா ஒருநாள் அதைப் பார்த்தார். துளைக்குள் அவரது கை முழுதாகப் போகும். செருப்புக் காலால் அதைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"இத்தனை வருசம் இதுலதானே ஓடுச்சு?"

அவ்வளவுதான். அம்மா ஜெயித்தாள் என்று நான் எழுதப்போவதாக நினைத்திருந்தால், இல்லை. நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காத விபத்துக்கு யார் சாட்சி? குதிரான் இறக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நாங்கள் போகவில்லை. ஆகவே அம்மா சாகும் வரை சாமியை மறித்தவள். கல்யாண வீடுகளில்கூட, "சாவிக்காரியக் கூப்பிடுங்கப்பா," என்றுதான். அந்தத் துருத் துண்டு வாசலிலேயே கிடந்து மழைக்கு மழை உதிர்ந்து சிவப்பு மண்ணாகிப் போனது.

ஒன்று மட்டும் நான் பார்த்தேன். வேலை முடிந்து முதல் லோடு. பெட்டிகள் நிறைய ஐஸ். அம்மா தென்னங்கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு அந்தக் கதவோரம் தானே உட்கார்ந்தாள், என்னை நடுவில் போட்டு. பாலத்தின் மேடு வந்தது. அவள் கதவைப் பிடிக்கவில்லை. என் பின்னலைப் பிடித்திருந்தாள். மேடு கடந்தது. கதவு அசையவில்லை. அப்பா எதிரே பார்த்தபடி தொண்டையைச் செருமினார். அம்மா தாலிக் கயிற்றில் சாவி இருந்த இடத்தில் ஊக்கை மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நல்ல தண்ணீர் மூக்கனுக்குப் போனது. குடிக்கக் குறைந்தாலும் போனது.

*

அப்பா போன பிறகு அவருடைய சவரப் பெட்டியை நான் திறந்தேன். படிகாரக் கட்டி, பிளேடு உறைகள், முடி கொட்டிய பிரஷ். அடியில் பேப்பரில் சுற்றி மூக்கனின் சாவி. தேயாத பல், புதிதுபோல. ஏலத்தில் எடுத்த அன்றே வந்த இரண்டாவது சாவி. மூக்கன் இரும்புக் கடைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம். அந்தக் கர்க்கடகம் முழுவதும் அவரிடம் சாவி இருந்திருக்கிறது! ஊர் சிரிக்க வாளியின் மேல் உட்கார்ந்திருந்த மனிதர், நினைத்திருந்தால் எழுந்து போய் வண்டியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவருக்கும் பயம். பாலத்தில் நான் வெளியே போனதை அவரும்தானே பார்த்தார். அண்ணன் முன்னால் பயப்பட முடியாத மனிதர், தன் பயத்தையும் சேர்த்து அம்மாவின் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

சாவியை அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அப்போது அவளுக்குக் கண் பாதிதான் தெரியும். தடவிப் பார்த்தாள்.

"சவரப் பெட்டியில இருந்துச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கேட்டிருக்கலாம்ல? அவர்கிட்டயும் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம்ல? நீ ஒருத்தியா ஏச்சு வாங்கினியே!"

அம்மா சாவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டா இருக்குன்னு ஆயிடும்டி. இருக்குன்னு ஆனா உங்க பெரியப்பா எடுக்கச் சொல்லுவாரு. எடுக்கச் சொன்னா அந்த மனுசன் எடுக்கணும்." பிறகு, "போ, போயி சாயா போடு," என்றாள்.

*

ஆகவே, என் வயதுக்காரர்களே, உங்கள் பறவைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அடியில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுப் பறக்கட்டும்.

மகளின் வண்டிச் சாவி என் சங்கிலியில், தாலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்கிறார்கள். காட்டுகிறேன். இந்த வாரம் வைப்பினில் ஒரு கல்யாணத்துக்குக் காபி வண்டி கொண்டுவருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். முதல் ஆர்டர். என்னோடு சண்டை போட்டாள். "அம்மாவுக்குப் பைத்தியம்" என்றாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

இன்று காலை அவள் முற்றத்தில் நின்று கல்யாண வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டது.

"சேட்டா, ஞான் எந்து செய்யும்? அம்மா சாவி தரில்லா. வண்டி செக் பண்ணாம விடில்லா. ஆமா, அம்மா அப்படித்தான். பயங்கரப் பேடி. வேற ஆளை நோக்கிக்கோ, சாரி."

என்னைப் பழித்துத்தான் பேசினாள். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாளியின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசிய குரல் அது. போனை வைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீ சொல்லுவியே, அந்த நூல், நட்டு எல்லாம் எப்படிக் கட்டுறது?" என்று கேட்டாள். சாக்குக்கட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.

இந்த வண்டிகளுக்கு எப்போதும் இரண்டு சாவி உண்டு. வாங்கிய அன்று எனக்குக் காட்டியது ஒன்றுதான். மற்றது அவளிடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.